தலையணைக்கு அடியில் இரண்டு பிஸ்கட்டுகள்

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 52. கும்பகோணத்தில் என் கணவருடனும் அம்மாவுடனும் வசிக்கிறேன். தனியார் பள்ளியொன்றில் 19 ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேலையை விட்டேன். அம்மாவுக்கு வயது 78. நடை தளர்ந்து, கை நடுங்கி, கூடத்து மூலையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக அவர் சொல்லத் தொடங்கியபோது நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். லூயி பாடி டிமென்ஷியா, மூளை படிப்படியாகத் தளரும் நோய் என்றார். அதையும் ஏற்றுக்கொண்டோம். அந்தக் குழந்தைகளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லுவார், நானும் ‘போட்டாச்சும்மா’ என்பேன், அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் ஏழு மாதங்களாக அம்மா என்னை மகள் என்று ஏற்க மறுக்கிறார். இது மறதி இல்லை. என் பெயர் தெரிகிறது, நான் பிறந்தது அடைமழையில் என்பது தெரிகிறது, முதல் சம்பளத்தில் நான் வாங்கித் தந்த சேலையின் நிறம்கூடத் தெரிகிறது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “அச்சு அசலா எம்பொண்ணு மாதிரியேதான் இருக்கே. மோவாயில இருக்கிற மச்சத்தைக்கூட விடாம வச்சுக்கிட்டு வந்திருக்கே. ஆனா நீ அவ இல்ல” என்கிறார். என் கணவரை ஒன்றும் சொல்வதில்லை. வேலைக்கு வரும் பெண்ணையும் ஒன்றும் சொல்வதில்லை. குளிப்பாட்டி, தலைவாரி, மாத்திரை கொடுக்கிற நான் ஒருத்திதான் வேஷக்காரி.

புனேயில் இருக்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் போனில் பேசுவான். அந்தப் பத்து நிமிடமும் அம்மா அவ்வளவு தெளிவாகப் பேசுவார். மருமகளின் முட்டுவலியை விசாரிப்பார், பேரனின் பரீட்சையைக் கேட்பார். பிறகு அவன் என்னைக் கூப்பிட்டு, “அம்மா நல்லாத்தானேக்கா பேசறாங்க, நீதான் ரொம்ப அதட்டறியோ என்னமோ” என்பான். மூன்று ஆண்டுகளில் அவன் இந்த வீட்டில் தங்கியது மொத்தம் 11 நாட்கள். அந்த நாட்களிலும் அம்மா அவனைத் தன் பிள்ளை என்றே நம்பினார். பத்து நிமிடம் பேசுகிறவன் பிள்ளை. ராத்திரி மூன்று முறை எழுந்து கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவள் யாரோ.

ஒருமுறை மருத்துவ அறிக்கை வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தேன். அங்கிருந்து கணவரைக் கூப்பிட்டபோது அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். என் குரலைக் கேட்டதும் அம்மா, “பாப்பா! எங்கடி போனே இத்தனை நாளா? இங்க ஒருத்தி உன்னை மாதிரியே வந்து வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கா, சீக்கிரம் வா” என்று அழுதார். என்னைப் பற்றி என்னிடமே புகார். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவசர அவசரமாக வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, “மறுபடியும் நீயா?” என்றார்.

நான் முயலாத வழி இல்லை. தினமும் மாலையில் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, என் கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் அவர் மடியில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறேன். சில நாள் தலையாட்டுவார். கடைசியில், “எல்லாத்தையும் அவகிட்டேர்ந்து திருடிக்கிட்டு வந்துட்டியா?” என்பார். போன மாதம் ஊன்றுகோலை ஓங்கிவிட்டார். பால்காரரிடம், மகளை நான் எங்கேயோ அடைத்துவைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தெருவில் சிலர் சொத்துக்காக நான் ஏதோ செய்வதாகப் பேசுகிறார்கள். நாத்தனார் ஒருவர் வந்து, மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொன்னார். தம்பியிடம் இதையெல்லாம் சொன்னால் ‘அக்கா, டென்ஷன் ஆகாதே’ என்கிறான். டென்ஷன் ஆகாமல் இருக்க நான் புனேயில் இல்லை.

வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதே பெரும்பாடு. மாலைக் காபிக்கு நான்கு மேரி பிஸ்கட் வைத்தால் அம்மா இரண்டைத் தின்றுவிட்டு இரண்டை முந்தானையில் முடிந்துகொள்கிறார். படுக்கும்போது அதைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். உண்மையான மகள் ராத்திரி வந்தால் பசியோடு வருவாளாம். எறும்பு வரிசை கட்டிவிடுகிறது. அவர் தூங்கியதும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். காலையில் எழுந்து தலையணையைத் தடவிப் பார்த்து, “பாப்பா வந்து சாப்பிட்டுட்டுப் போனாளா?” என்று என்னையே கேட்பார். “யாரும் வரல” என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வருகிறது, எழுதவே கூசுகிறது. அந்த மகளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமே! தங்கம், பொறுமைசாலி, அதிர்ந்து பேசமாட்டாள். என்னிடம் ஒரு நாளும் இப்படியெல்லாம் அம்மா சொன்னதில்லை. அது கிடக்கட்டும்.

நான் கேட்க விரும்புவது இரண்டுதான். நான்தான் மகள் என்பதை அம்மாவுக்கு எப்படி நிரூபிப்பது? என் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியைப் பற்றி இந்தப் பதிலின் கடைசியில்தான் பேசுவேன், அதுவும் கொஞ்சமாக. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ‘அது கிடக்கட்டும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எறும்பைப் பற்றிய வீட்டுப் புகார்போல எழுதி, அவசரமாகக் கடந்துபோகிறீர்கள். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் அந்தப் பிஸ்கட்டுகளின் கணக்குப் புரியாது. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதற்குக் கேப்கிராஸ் என்று பெயர். ஜோசப் கேப்கிராஸ் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1923இல் ழான் ரெபூல்-லாஷோ என்பவருடன் சேர்ந்து, பாரிஸைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். மருத்துவ நூல்களில் அவர் ‘திருமதி எம்’ என்று மட்டுமே அறியப்படுகிறார். தம் கணவரும் மகளும் களவாடப்பட்டு, அவர்களைப் போலவே இருக்கும் வேறு ஆட்கள் வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், அந்த ஆட்களும் மீண்டும் மீண்டும் மாற்றப்படுகிறார்கள் என்றும் அவர் நம்பினார். காவல்துறையிடம் போய்ப் புகாரும் சொன்னார். பெற்ற குழந்தைகளில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர் அவர், மிஞ்சியது அந்த ஒரு மகள்தான் என்பதைப் படித்த நாளிலிருந்து, இந்த நோயை வெறும் விசித்திரமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை. இது அரிய நோய் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் டிமென்ஷியாவில், அதிலும் உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் லூயி பாடி வகையில், மருத்துவர்கள் இதைப் பார்க்கவே செய்கிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பதற்குத் தாயத்து தேவையில்லை.

ஒரு முகத்தைப் பார்க்கும்போது மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ‘இவள் இன்னார்’ என்று அடையாளம் காண்பது ஒன்று. அந்த முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாசத்தை, நெஞ்சில் ஒரு சிறு சூட்டைக் கிளப்புவது மற்றொன்று. நாம் இரண்டையும் ஒன்றாகவே அனுபவிப்பதால் அவை தனித்தனி என்பதே நமக்குத் தெரிவதில்லை. முகமறியா நோய் என்று ஒன்று உண்டு. அதில் பெற்ற தாயின் முகமே யாரென்று தெரியாது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளங்கையில் இலேசாக வியர்வை கூடுவதைச் சில நோயாளிகளிடம் கருவியால் அளந்திருக்கிறார்கள். மனிதருக்குத் தெரியாதது தோலுக்குத் தெரிந்திருக்கிறது. ஹேடன் எல்லிஸ், ஆண்ட்ரூ யங் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1990இல், கேப்கிராஸ் இதைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்றது என்று கூறினார்கள். முகம் தெரிகிறது, மச்சம் தெரிகிறது, பெயர் தெரிகிறது; அந்தச் சூடு மட்டும் வரவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வு செய்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் இளைஞர் வருகிறார். கார் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் நினைவிழந்து கிடந்து மீண்டவர். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருந்த அவர், பெற்றோரை மட்டும் வேஷக்காரர்கள் என்றார். பெற்றோரின் படத்தைக் காட்டியபோது அவருடைய தோலில் வர வேண்டிய அந்த மாற்றம் வரவில்லை. ஆனால் அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால், ‘அப்பா’, ‘அம்மா’ என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் பேசினார். காதின் வழி வேறு, கண்ணின் வழி வேறு. அறுந்தது கண்ணின் வழி மட்டும். உங்கள் தஞ்சாவூர் அனுபவம் இதேதான். தம்பியின் ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடமும் இதேதான். அவன் கேட்பது பொய்யில்லை, நீங்கள் பார்ப்பதும் பொய்யில்லை.

சுயம்வர மண்டபத்தில் நளனின் உருவத்திலேயே தேவர்கள் நால்வரும் வந்து உட்கார்ந்தபோது தமயந்தி என்ன செய்தாள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யாருடைய கண் இமைக்கிறது, யாருடைய பாதம் தரையில் படுகிறது, யாருடைய மாலை வாடுகிறது என்று பார்த்து நளனைக் கண்டுகொண்டாள். அவளுக்குக் கண்தான் தடுமாறியது, மனம் தடுமாறவில்லை; ஆகவே அடையாளங்கள் உதவின. உங்கள் அம்மாவின் நிலை தலைகீழ். அடையாளங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவரிடம் போய் இன்னும் ஓர் அடையாளத்தைக் காட்டுவதால் என்ன ஆகும்? வேஷம் அவ்வளவு கச்சிதம் என்றுதான் ஆகும். போதாததற்கு, ‘இப்படி இருக்க முடியாதே’ என்று தன் நினைப்பைத் தானே தட்டிப் பார்த்துத் தள்ளிவிடும் திறனும் இந்த நோயில் பழுதாகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நிரூபிக்க முடியாது. இன்று மாலையோடு அந்த ஆல்பத்தை நிறுத்திவிடுங்கள். மனம் நோகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: பத்தொன்பது ஆண்டுகள் பரீட்சை வைத்துப் பழகிய கை, இப்போது தினமும் மாலையில் ஒரே ஒரு மாணவிக்கு, அவரால் தேறவே முடியாத பாடத்தில், பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறது. ஊன்றுகோல் ஓங்கப்பட்டது ஏன் என்று எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, பிஸ்கட்டுகள்.

கூடத்து மூலையில் இல்லாத இரண்டு குழந்தைகளுக்குச் ‘சாப்பாடு போட்டாச்சு’ என்று சொல்ல உங்களுக்கு நா கூசவில்லை. அவை யாரோ எவரோ. அவற்றோடு உங்களுக்குப் போட்டி இல்லை. ஆனால் ராத்திரி பசியோடு வரப்போகிற அந்தப் பாப்பாவுக்கு மட்டும் ‘யாரும் வரல’ என்கிறீர்கள். நீங்கள் அவளைப் பட்டினி போடுகிறீர்கள், சகோதரி. அதில் வரும் சந்தோஷம் பழிவாங்கிய சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். உங்களை நான் கெட்டவள் என்று சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக முழுத்தூக்கம் இல்லாத ஒருத்தி, தான் பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைக்க வேண்டிய பாராட்டை வேறொருத்தி வாங்கிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தால் பொறாமை வராமல் என்ன செய்யும்? வரும். கூச்சம் வந்ததே, அதுகூட நல்லதுதான். ஆனால் அந்த வேறொருத்தி யார் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தீர்களா?

தங்கம், பொறுமைசாலி, அதிர்ந்து பேசமாட்டாள் என்று உங்கள் அம்மா யாரைச் சொல்கிறார்? அடைமழையில் பிறந்தவளை, முதல் சம்பளத்தில் சேலை வாங்கித் தந்தவளை. உங்கள் முகத்துக்கு நேரே ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாததை, நீங்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டு உங்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். பெற்ற பெண்ணை நேரில் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்ட தலைமுறை அவருடையது. உங்கள் அம்மாவும் அப்படித்தானோ, அல்லது உண்மையிலேயே உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கல் இருந்ததோ, கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய் ஒரு விபரீதமான வேலையைச் செய்திருக்கிறது: அம்மா உங்களைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை, அந்த மற்றவராகவே உட்கார்ந்து கேட்கும் இடத்தில் உங்களை வைத்திருக்கிறது. நீங்களோ கேட்டுவிட்டு, பிஸ்கட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள்.

அம்மா உங்களை ஒதுக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகளைப் பார்த்தால் வர வேண்டிய அந்தச் சூடு வராதபோது, ‘இதுதான் மகள் போலிருக்கிறது, இப்படித்தான் இருக்கும்போல’ என்று அவர் சமாதானம் செய்துகொள்ளவில்லை. அது இல்லாத மகளை அவரால் மகள் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆகவே காத்திருக்கிறார், பாதிப் பிஸ்கட்டை மிச்சம் பிடிக்கிறார். வேலைக்கு வரும் பெண்ணை அவர் ஏன் சந்தேகிப்பதில்லை? அவளிடம் எதிர்பார்க்கும் சூடு எதுவும் இல்லை, ஆகவே குறையும் தெரியவில்லை. இந்த நோய் பெரும்பாலும் மிக நெருங்கியவரைத்தான் பிடிக்கிறது. உங்கள் தம்பியை விட்டுவிட்டு உங்களைப் பிடித்திருப்பதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அதை அப்படி வாசிக்கமாட்டேன்.

செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன். அவர் இருக்கும் அறைக்குள் முகத்தைக் காட்டுவதற்கு முன்பு குரலைக் காட்டுங்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ‘அம்மா’ என்று பேச்சை ஆரம்பித்துவிட்டுப் பிறகு உள்ளே வாருங்கள். எல்லா நாளும் பலிக்காது, சில நாள் பலிக்கலாம். அவர் மிகவும் தவிக்கும் நாளில் மாடிக்குப் போய் அங்கிருந்து போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, பேசுவது நீங்கள்தானே. ‘நீ அவள் இல்லை’ என்றால் வாதாட வேண்டாம், ‘பாப்பா ஞாபகமாவே இருக்கு இல்லம்மா’ என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள்.

ஊன்றுகோலை ஓங்கியதை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேஷக்காரி என்று நம்பப்படுகிறவருக்கு அடிபடும் அபாயம் இந்த நோயில் உண்மையிலேயே உண்டு. அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். நரம்பியல் மருத்துவரிடம் இதை விடாமல் சொல்லுங்கள். சந்தேகமோ கலவரமோ திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது: லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர்களுக்கு மனக்கலவரத்தை அடக்கும் சில மருந்துகள், குறிப்பாக ஹாலோபெரிடால் போன்றவை, உடலை மரக்கட்டைபோல் இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ஊசி போடுவதற்கு முன்பு இந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு தாளில் எழுதி, அவருடைய மாத்திரை டப்பாவில் வைத்துவிடுங்கள்.

தம்பிக்கு வருகிறேன். அவனுக்குப் புரியவைக்க வேண்டாம். புரிந்துகொண்டு அவன் என்ன செய்யப்போகிறான், இன்னும் அக்கறையாக ‘டென்ஷன் ஆகாதே’ என்பான். அவனிடம் நாள் கேளுங்கள், பணம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் இங்கே வந்து இருக்க முடியுமா, முடியாவிட்டால் ராத்திரிக்கு ஓர் ஆளை வைக்கும் செலவை ஏற்பானா என்று, குறை எதுவும் கலக்காமல், ஒரே அழைப்பில் கேட்டுவிடுங்கள். இத்தனை பத்திகளில் அவனைப் பற்றிச் சொன்ன நீங்கள், அவனிடம் இதைக் கேட்டதாக ஓரிடத்திலும் எழுதவில்லை. உங்களுக்கே தாங்காத இரவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இன்று மாலையும் நான்கு பிஸ்கட் வையுங்கள். அவர் இரண்டை முடிந்துகொள்ளட்டும். தூங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, எறும்பு இருந்தால் தட்டிவிட்டு, அடுப்படியில் நின்றாவது நீங்கள் சாப்பிடுங்கள். காலையில் அவர் “பாப்பா வந்து சாப்பிட்டுட்டுப் போனாளா?” என்று கேட்பார். “வந்தாம்மா, சாப்பிட்டா” என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்